அரிய அணுக்கருவின் நிறையை அளப்பது எப்படி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறீர்கள், புராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ "குறுகிய ஆயுள் கொண்ட அணுக்கருக்களின் நிறை அளவீடு" என்ற தலைப்பு வந்து சேர்ந்திருக்கிறது, வழிகாட்டி நாலைந்து ஆய்வுக் கட்டுரைகளைக் கையில் கொடுத்து "படித்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். அப்படி நிற்கும் ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். குவாண்டம் இயக்கவியலைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. காந்தப்புலத்துக்குள் நுழையும் மின்னூட்டம் வட்டமாகச் சுற்றும் என்று பிளஸ் டூவில் படித்தது நினைவிருந்தால் போதும், மீதியைப் போகப்போகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நாம் அளப்பது அதிர்வெண், அதுவும் தனியாக இல்லை, நிறை நன்றாகத் தெரிந்த இன்னொரு அயனியின் அதிர்வெண்ணோடு ஒப்பிட்ட விகிதம். நல்ல கருவி இருந்தால் அந்த விகிதத்தை எட்டாவது தசமம் வரை எடுப்பது இன்றைக்கு நடக்கிற காரியம். கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது: பொறிக்குள் (அயனியைப் பிடித்துவைத்துச் சுற்றவிடும் கருவிக்குள்) சுற்றியது நாம் நினைத்த அணுக்கருதானா, அதன் அடிநிலைதானா, கூடவே வேறு ஏதாவது இருந்ததா? கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குத்தான்.

கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறையைக் கூட்டினால் 4.0313 அணு நிறை அலகு வரும், ஒரு ஹீலியம் அணுவின் நிறை 4.0026 தான். குறைந்துபோன அந்த 0.7 சதவீதம் பிணைப்பாற்றலாகப் போய்விட்டது. ஆஸ்டன் தன் நிறைமாலைக் கருவியால் இதை அளந்த சூட்டோடு, 1920இல் எடிங்டன் நட்சத்திரங்கள் எரிவதற்கே இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொன்னார். இன்றைக்கும் நாம் செய்வது இதே கணக்குதான். நிறை தெரிந்தால் பிணைப்பு தெரியும், பிணைப்பு தெரிந்தால் அந்த அணுக்கரு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, எப்படிச் சிதையும், நட்சத்திரங்களில் எந்த வழியாக உருவாகும் என்பதெல்லாம் தெரியவரும்.

ஆனால் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது, புதியவர்கள் பெரும்பாலும் இங்கே யோசிப்பதில்லை. ஓர் அணு நிறை அலகு என்பது 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கேஇவி). நிறை எண் 100 உள்ள அணுக்கரு என்றால் மொத்தம் சுமார் 93,000 எம்இவி. அணுக்கருவின் கூடு (ஷெல்) அமைப்பில் ஓர் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் நூறு கேஇவி, ஆரம்பத்துக்குப் போதும். நியூட்ரான் விண்மீன் மோதலில் தங்கமும் பிளாட்டினமும் உருவாகும் வழியைக் கணக்கிட வேண்டும் என்றால் இன்னும் ஒரு தசமம் கூடுதலாகக் கேட்பார்கள். ஐசோமர்கள் (அதே அணுக்கருவின், சற்று நேரம் தங்கும் உயர்ந்த ஆற்றல் நிலைகள்) கலந்திருந்தால் அதற்கும் மேலே. பீட்டா சிதைவை வைத்து மென் விசையைச் சோதிக்கப் பத்து கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு கேஇவி அளவு, வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் பீம்டைம் (ஆய்வகத்தில் கற்றையைப் பயன்படுத்தும் நேரம்) கேட்டு விண்ணப்பம் எழுதினால் எத்தனை ஷிஃப்ட் கேட்பது என்றே உங்களுக்குத் தெரியாது, மதிப்பிடும் குழு முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

ஒரு மாலை அட்டவணையோடு உட்காருங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் அணு நிறை மதிப்பீட்டு அட்டவணையைத் தொடுங்கள். வாப்ஸ்ட்ரா தொடங்கி, பிறகு ஜார்ஜ் ஔடி பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்த பணி அது. இப்போது சீனாவின் லான்ஜோவில் இருக்கும் மெங் வாங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்துகிறார்கள். 2020 பதிப்பு 2021 மார்ச்சில் வந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதில் நிறையை நேராகப் போட்டிருப்பதைவிட "நிறை மிகை" என்ற நெடுவரிசையைத்தான் நாம் அதிகம் பயன்படுத்துவோம். அணுவின் நிறையிலிருந்து நிறை எண்ணைக் கழித்து அதை ஆற்றல் அலகில் எழுதினால் நிறை மிகை. கார்பன்-12க்கு அது பூஜ்யம், ஏனென்றால் அலகே அதை வைத்துத்தான் வரையறுக்கப்பட்டது.

சரி, பேப்பரை எடுங்கள். கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். கால்சியம்-46க்கு −43.14 எம்இவி, 48க்கு −44.22, 50க்கு −39.59, 52க்கு −34.27, 54க்கு −25.16. ஒரு நியூட்ரானின் நிறை மிகை 8.07, இரண்டுக்கு 16.14. ஒரு கால்சியம் அணுக்கருவிலிருந்து இரண்டு நியூட்ரான்களைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? இரண்டு நியூட்ரான் குறைந்த கால்சியத்தின் நிறை மிகையோடு 16.14ஐக் கூட்டி, நம் கால்சியத்தின் நிறை மிகையைக் கழித்தால் முடிந்தது. 48க்கு 17.2 வரும். 50க்கு 11.5. பார்த்தீர்களா, ஒரே தாவலில் கிட்டத்தட்ட ஆறு எம்இவி விழுந்துவிட்டது. 28 நியூட்ரான் என்ற மாய எண் (ஒரு கூடு முழுதாக நிரம்பும் எண்ணிக்கை) நிரம்பியதும் அடுத்து வரும் இரண்டு நியூட்ரான்கள் தளர்வாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதன் அடையாளம் அது. தொடர்ந்து போங்கள். 52க்கு 10.8, லேசான இறக்கம்தான். 54க்கு 7.0, மறுபடியும் கிட்டத்தட்ட நான்கு எம்இவி சரிவு. கால்சியம்-52இல் இருப்பது 32 நியூட்ரான். நிலையான அணுக்கருக்களை வைத்துப் போட்ட பாடப்புத்தகப் பட்டியலில் இல்லாத ஓர் எண், இங்கே மாய எண் போல நடந்துகொள்கிறது.

இந்த ஐந்து எண்களுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் உள்ள டிரையம்ஃப் ஆய்வகத்தின் டைட்டன் குழு 2012இல் கால்சியம்-51, 52 இரண்டையும் பென்னிங் பொறியில் அளந்தபோது, 52இன் பிணைப்பு அன்றைய அட்டவணையில் இருந்ததைவிட 1.74 எம்இவி அதிகம் என்று வந்தது. அடுத்த ஆண்டே செர்னில் உள்ள ஐசோல்டிராப் குழு 53, 54 வரை போய்ச் சரிவு உண்மைதான் என்று காட்டியது. அட்டவணையில் அச்சாகியிருந்த ஓர் எண் 1.74 எம்இவி தள்ளியிருக்க முடியும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஹாஷ் குறி இருக்கும். அது இருந்தால் அந்த நிறையைச் சோதனையில் மட்டும் வைத்துப் பெறவில்லை, அக்கம்பக்கத்துப் போக்கைப் பார்த்து நீட்டி மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். குறி இல்லாத எண்களிலும் நேரடி அளவீடு எது, பீட்டா சிதைவின் ஆற்றலை வைத்துச் சங்கிலியாகக் கோர்த்தது எது என்று பாருங்கள். பீட்டா சிதைவில் மகள் அணுக்கருவின் உயர்ந்த மட்டங்களுக்குப் போகும் மெலிந்த கிளைகள் டிடெக்டரில் தப்பிவிடும், அதனால் கணக்கு தவறும். 1977இல் ஹார்டியும் அவரோடு இருந்தவர்களும் இதற்குப் பாண்டமோனியம் என்றே பெயர் வைத்தார்கள். நீங்கள் அளக்கத் தகுந்த அணுக்கருவைத் தேடுகிறீர்கள் என்றால், ஹாஷ் குறிக்குப் பக்கத்து வீட்டிலும் இப்படிச் சங்கிலியில் தொங்கும் எண்களிலும் தேடுங்கள்.

அணுக்கரு எங்கிருந்து வரும்

கால்சியம்-54இன் அரை ஆயுள் ஒரு வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கடையில் வாங்கி வைக்க முடியாது, செய்த இடத்திலேயே அளக்க வேண்டும். எங்கே போவது என்பதைத் தனிமத்தின் வேதியியல் பாதி தீர்மானித்துவிடும்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்னின் ஐசோல்டேயில் 1.4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் கற்றை, தடிமனான யுரேனியம் கார்பைடு இலக்கின் மேல் விழுகிறது. இலக்கு சுமார் இரண்டாயிரம் டிகிரிக்குச் சூடாக இருக்கும். உள்ளே உண்டான அணுக்கள் ஊறி வெளியே வந்து அயனியாகி, முப்பது முதல் அறுபது கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்டு, காந்தத்தால் நிறை எண் வாரியாகப் பிரிக்கப்படும். எளிதில் ஆவியாகும் தனிமங்களுக்கு இது அருமையான வழி. மாலிப்டினம், ருத்தேனியம் போன்ற பிடிவாதக்காரர்கள் சூடான இலக்கை விட்டு வெளியே வரவே மாட்டார்கள். அவற்றுக்குப் பின்லாந்தின் யிவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் உள்ளதைப் போல மெல்லிய இலக்கு, ஹீலியம் வாயுவில் நிறுத்தும் முறை வேண்டும். மூன்றாவது வழி, வேகமான கனமான அணுக்கருவை இலக்கில் மோதவிட்டு, சிதறும் துண்டுகளைப் பறக்கும்போதே பிரித்து, பிறகு வாயு நிரப்பிய அறையில் நிறுத்துவது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டின் ஜிஎஸ்ஐயிலும், ஜப்பானின் ரிக்கனிலும் இது நடக்கிறது. மிகக் கனமான தனிமங்களுக்கு இணைவு வினை. ஜிஎஸ்ஐயின் ஷிப்டிராப் குழு அந்த வழியில் நோபெலியம் ஐசோடோப்புகளின் நிறையை நேரடியாக அளந்து 2010இல் வெளியிட்டது.

சுத்தம் செய்யும் படி

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். நிறை எண் 54 என்று காந்தம் பிரித்துக் கொடுத்த கற்றையில் கால்சியம்-54 மட்டும் வராது. குரோமியம்-54 வரும், அது நிலையானது என்பதால் கொட்டோ கொட்டென்று கொட்டும். இரண்டுக்கும் நிறை வித்தியாசம் சுமார் 32 எம்இவி. மொத்தத்தில் இது ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு, பிரிப்பதற்கு எளிது. நிலையான அணுக்கருக்களுக்குப் பக்கத்திலோ, கனமான அணுக்கருக்களிலோ ஒரே நிறை எண் உள்ள இரண்டு பேருக்கு நடுவே இரண்டு மூன்று எம்இவிதான் இருக்கும். அப்போது பல பத்தாயிரத்தில் ஒரு பங்கைப் பிரிக்கும் திறன் வேண்டும்.

வரிசை பெரும்பாலும் இப்படிப் போகும். அயனியாக்கும் இடத்திலேயே லேசரைப் பயன்படுத்தி நமக்கு வேண்டிய தனிமத்தை மட்டும் தூண்டுவது முதல் வடிகட்டி. லேசரை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது திரையில் நம் சிகரம் (பீக்) மறைந்தால் அது நம்முடையதுதான் என்பதற்கு நல்ல சாட்சி, எனவே இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். அடுத்து ஹீலியம் நிரப்பிய ரேடியோ அதிர்வெண் குளிர்விப்பான்: தொடர்ச்சியாக வரும் கற்றையை வாங்கி, ஆற்றலைக் குறைத்து, சிறு சிறு பொட்டலங்களாக விடும். அதற்கப்புறம் பல்பிரதிபலிப்புப் பறப்பு நேரக் கருவி. இரண்டு மின் கண்ணாடிகளுக்கு நடுவே அயனிகள் நூற்றுக்கணக்கில், தேவைப்பட்டால் ஆயிரம் தடவை போய்ப்போய்த் திரும்பும். கனமானது சற்றே பின்தங்கும். சில பத்து மில்லிவினாடிகளில் லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூடத் தனிச் சிகரமாகப் பிரிந்துவிடும். வேண்டியது வரும் நேரத்தில் மட்டும் வாசலைத் திறந்து மற்றதைத் தள்ளிவிடலாம்.

இந்தக் கருவியே நிறை அளவீட்டுக்கும் போதுமானது. பறப்பு நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும், எனவே நிறை தெரிந்த இரண்டு அயனிகளின் நேரத்தையும் பதிந்துவிட்டால் நடுவே இருப்பதைக் கணக்கிடலாம். ஐசோல்டிராப் கால்சியம்-53, 54 இரண்டையும் அளந்தது இப்படித்தான், குரோமியத்தை எரிச்சலாகப் பார்க்காமல் அதையே ஒப்பீட்டு அயனியாகவும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

மூலக்கூறுகளை மறக்காதீர்கள். வாயு அறையில் நிறுத்தும் இடங்களில் நீர், ஹைட்ரோகார்பன் என்று எதுவும் ஒட்டிக்கொண்டு வரும். இரட்டை மின்னூட்டம் பெற்ற, இரண்டு மடங்கு கனமான அயனியும் அதே இடத்தில் வந்து நிற்கும். சந்தேகமாக ஒரு சிகரம் தெரிந்தால், பக்கத்து நிறை எண்களிலும் அதே உருவம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் புரோட்டான் கற்றையை நிறுத்தினால் எவ்வளவு வேகமாக மறைகிறது என்று பாருங்கள். அரை ஆயுளோடு ஒத்துப்போனால் நிம்மதி.

பொறிக்குள் என்ன நடக்கிறது

பென்னிங் பொறி என்பது வலுவான, சீரான காந்தப்புலமும் அதன் அச்சில் நான்முனை (குவாட்ரபோல்) மின்புலமும் சேர்ந்தது. காந்தம் அயனியைப் பக்கவாட்டில் ஓடவிடாது, மின்புலம் நீளவாக்கில் ஓடவிடாது. இதைக் கட்டி வளர்த்த டேமெல்ட்டுக்கு 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அதே பரிசைப் பகிர்ந்த நார்மன் ராம்சேயின் முறையும் நமக்குப் பின்னால் உதவும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே சூத்திரம்: சைக்ளோட்ரான் அதிர்வெண் = மின்னூட்டம் × காந்தப்புலம் ÷ (2 × பை × நிறை). 7 டெஸ்லா காந்தத்தில், நிறை எண் 100, ஒற்றை மின்னூட்டம் என்று போட்டுப் பாருங்கள், வினாடிக்குச் சுமார் 10.75 லட்சம் சுற்று வரும்.

ஆனால் மின்புலமும் இருப்பதால் அயனி இந்த அதிர்வெண்ணில் நேராகச் சுற்றுவதில்லை. மேலும் கீழுமாக ஓர் ஆட்டம், மெதுவான பெரிய வட்டம் ஒன்று, அதன் மேல் ஏறிக்கொண்ட வேகமான சின்ன வட்டம் ஒன்று என்று மூன்று இயக்கங்கள். மெதுவான வட்டத்துக்கு மேக்னட்ரான் என்று பெயர். அந்த இரண்டு வட்டங்களின் அதிர்வெண்களையும் கூட்டினால் நமக்கு வேண்டிய சைக்ளோட்ரான் அதிர்வெண் கிடைத்துவிடுகிறது, மொத்த முறையும் இதன் மேல்தான் நிற்கிறது.

பழைய, நம்பகமான முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், அதாவது பறப்பு நேர ஒத்ததிர்வு. அயனியை மேக்னட்ரான் வட்டத்தில் சற்றே வெளியே தள்ளுகிறோம். பிறகு நான்முனை ரேடியோ அலை ஒன்றைக் குறிப்பிட்ட நேரம் கொடுக்கிறோம். அலையின் அதிர்வெண் சைக்ளோட்ரான் அதிர்வெண்ணோடு சரியாகப் பொருந்தினால் மெதுவான வட்டம் முழுதும் வேகமான வட்டமாக மாறி, அயனியின் ஆரவாக்கு ஆற்றல் பல மடங்கு கூடும். இப்போது பொறியைத் திறந்து அயனியை வெளியே விட்டால், காந்தப்புலம் குறைந்துகொண்டே போகும் பாதையில் அந்த ஆற்றல் முன்னோக்கிய வேகமாக மாறும். ஆக, பொருந்திய அயனி டிடெக்டருக்குச் சீக்கிரம் வந்துசேரும்.

கண்ட்ரோல் ரூமில் இதைப் பார்ப்பது தனி அனுபவம். ஒரு ஸ்கேனில் நாற்பது சொச்சம் அதிர்வெண் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஓரிரு அயனிகள் வரும், வராமலும் போகும். முதல் சில சுற்றுகளில் திரையில் சிதறிய புள்ளிகள்தான், ஒன்றும் புரியாது. பொறுமையாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் ஒரு பள்ளம் உருவாகி, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அலைகளோடு எழுந்து வரும். பள்ளத்தின் அகலம், அலை கொடுத்த நேரத்தின் தலைகீழ்: ஒரு வினாடி கொடுத்தால் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸ். ராம்சே முறையில் அதே நேரத்தை இரண்டு குறுகிய துடிப்புகளாகப் பிரித்து நடுவே காத்திருந்தால் கோடு இன்னும் கூர்மையாகும். ஆனால் பல பள்ளங்கள் ஒரே மாதிரி தெரியும், எனவே நடுப்பள்ளம் எது என்று முதலில் சாதாரண ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு வாருங்கள்.

ஷிப்டிராப்பில் உருவாகி 2013 முதல் பரவிய கட்டப் பட (phase imaging) முறை இப்போது பல ஆய்வகங்களில் முதல் தேர்வு. அயனியைக் குறிப்பிட்ட நேரம் சுற்றவிட்டு, கடைசியில் அது வட்டத்தின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இடம் காட்டும் டிடெக்டரில் படமெடுப்பது. ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, வந்த ஒவ்வோர் அயனியும் பயன்படும், பிரிதிறனும் பல மடங்கு கூடும். ஒரு எச்சரிக்கை: கோணம் மட்டும்தான் படத்தில் தெரியும், முழுச் சுற்றுகள் எத்தனை என்று தெரியாது. குறைந்த நேரத்தில் தொடங்கி, படிப்படியாக நேரத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் சுற்று எண்ணிக்கையில் சந்தேகம் வராதபடி போக வேண்டும். அவசரப்பட்டு நேராக நீண்ட நேரத்துக்குத் தாவினால் ஒரு சுற்று கூடவோ குறையவோ எண்ணிவிடுவீர்கள், விடையோ பார்க்க அவ்வளவு அழகாக, சின்னப் பிழைவரம்போடு இருக்கும்.

சேமிப்பு வளையங்கள் என்று இன்னொரு குடும்பம் ஜிஎஸ்ஐயிலும் லான்ஜோவிலும் ரிக்கனிலும் இருக்கிறது. மைக்ரோவினாடிகளில் மறையும் அணுக்கருக்களுக்கு அவைதான் கதி. அவற்றின் கணக்குமுறை வேறு, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

எவ்வளவு நேரம், எத்தனை அயனி

விண்ணப்பம் எழுதும்போது தேவைப்படும் கணக்கு இது. சார்புப் பிழை ஏறத்தாழ 1 ÷ (அதிர்வெண் × நேரம் × அயனி எண்ணிக்கையின் வர்க்கமூலம்). மேலே சொன்ன நிறை 100 அயனிக்கு ஒரு வினாடி, நூறு அயனிகள் என்று போட்டால் கோடியில் கிட்டத்தட்ட ஒரு பங்கு, அதாவது ஒன்பது கேஇவிக்குச் சற்றுக் குறைவு. பிழையைப் பாதியாக்க அயனிகளை நான்கு மடங்காக்க வேண்டும், நேரத்தையோ இரண்டு மடங்காக்கினால் போதும். எனவே முதலில் நேரத்தைக் கூட்டத்தான் பார்ப்போம்.

ஆனால் அணுக்கரு காத்திருக்காதே. காத்திருக்கும்போது சிதைந்துகொண்டே போகும். சிதைவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலே உள்ள கோவையை வகையிட்டுப் பார்த்தால், சிறந்த நேரம் அரை ஆயுளின் 2.9 மடங்கு என்று வரும். நீங்களே போட்டுப் பாருங்கள், நாலு வரிதான். நடைமுறையில் பொறியில் மிச்சமிருக்கும் வாயு அயனியைத் தொந்தரவு செய்வதால் பலர் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

நேரத்தையும் கூட்ட முடியாது, அயனியும் குறைவு என்றால் மின்னூட்டத்தைக் கூட்டலாம். டைட்டன் குழு 65 மில்லிவினாடி அரை ஆயுள் கொண்ட ரூபிடியம்-74ஐ எட்டு மின்னூட்டம் வரை உரித்து அளந்தது, அதிர்வெண் அப்படியே எட்டு மடங்கு. அதே குழு 2008இல் வெறும் 8.8 மில்லிவினாடி வாழும் லித்தியம்-11ஐப் பொறியில் அளந்து, அதன் வெளி விளிம்பில் திரியும் இரண்டு நியூட்ரான்களும் 369 கேஇவியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று காட்டியது. கால்சியம்-48இன் 17.2 எம்இவியோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஒப்பீட்டு அயனி, காந்தத்தின் நகர்வு

காந்தப்புலத்தை எட்டு தசமம் வரை நேரடியாக அளந்து வைத்துக்கொள்ள முடியாது, அது நகர்ந்துகொண்டும் இருக்கும். எனவே ஒப்பீட்டு அயனியை ஒரு தடவை, நம் அயனியை ஒரு தடவை, மறுபடி ஒப்பீட்டு அயனியை ஒரு தடவை என்று மாறிமாறி அளந்து, நடுவேளைக்கு என்ன இருந்திருக்கும் என்று இடைச்செருகிக் கணக்கிடுவோம். ரூபிடியம்-85, சீசியம்-133, பொட்டாசியம்-39 ஆகியவை வழக்கமான ஒப்பீட்டு அயனிகள். நிறை எண்ணில் கூடியவரை நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் புலத்தின் சின்னக் கோணல்கள் நிறை வித்தியாசத்தோடு பிழையைக் கூட்டும். கார்பன் கொத்துகளைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது, பன்னிரண்டு பன்னிரண்டாக எல்லா இடத்திலும் ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். ஐசோல்டிராப் அவற்றை வைத்துத் தன் கருவியையே சோதித்து, இதற்கு மேல் நம்ப முடியாது என்ற எல்லையை நூறு கோடியில் எட்டுப் பங்கு என்று நிர்ணயித்தது.

விகிதத்திலிருந்து நிறைக்கு வரும்போது எலக்ட்ரானை மறந்துவிடாதீர்கள். அட்டவணையில் இருப்பது நடுநிலை அணுவின் நிறை, பொறியில் இருந்தது ஒரு எலக்ட்ரான் இழந்த அயனி. ஒப்பீட்டு அணுவின் நிறையில் ஒரு எலக்ட்ரானைக் கழித்து, விகிதத்தால் பெருக்கி, பிறகு ஒரு எலக்ட்ரானைக் கூட்ட வேண்டும். அதன் நிறை 511 கேஇவி. விகிதம் ஒன்றுக்கு நெருக்கமாக இருந்தால் தவறு பெரிதாகத் தெரியாது, விலகும்போது தெரியும். எட்டு மின்னூட்டம் என்றால் எட்டு எலக்ட்ரான்கள், கூடவே அவற்றின் பிணைப்பாற்றலும்.

தரவைப் பிரித்துப் பார்க்கும்போது

பொறியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அயனிகள் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், அவற்றில் ஒன்று வேறு நிறை என்றால் அதிர்வெண்ணே நகர்ந்துவிடும். எனவே ஒரு சுழற்சியில் எத்தனை அயனிகள் எண்ணப்பட்டன என்பதை வைத்துத் தரவைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதிர்வெண்ணைத் தனியாகப் பொருத்திப் பாருங்கள். எண்ணிக்கையோடு அதிர்வெண் சாய்ந்தால் உள்ளே அந்நியர் இருக்கிறார். டிடெக்டர் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது என்றால், திரையில் ஓர் அயனி என்று வந்தபோது உள்ளே மூன்று இருந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஐசோமர்தான் இருப்பதிலேயே தொல்லை. வேதியியல் ஒன்று, நிறை எண் ஒன்று, ஆற்றல் மட்டும் கொஞ்சம் கூட. தாமிரம்-70இல் பீட்டா சிதைவுக்கு உள்ளாகும் நிலைகளே மூன்று இருக்கின்றன, அடிநிலைக்கு மேலே சுமார் 100, 240 கேஇவியில். லேசரையும் பொறியையும் சேர்த்துப் பயன்படுத்தித்தான் 2004இல் ஐசோல்டேயில் எது எது என்று தெளிவாக்க முடிந்தது. உங்கள் பிரிதிறனுக்குள் ஐசோமர் மறைந்திருக்க வாய்ப்பு இருந்தால், ஏற்கெனவே தெரிந்த சிதைவுத் தரவைப் படித்து, எந்த நிலை அதிகம் உருவாகும் என்று யோசித்து, முடிவு தெரியாவிட்டால் பிழைவரம்பை அதற்கேற்ப விரித்துப் போடுங்கள்.

அயனிகள் குறைவாக இருக்கும்போது புள்ளிகளைக் கட்டங்களாகக் குவித்து வழக்கமான கை-ஸ்கொயர் (chi-square) பொருத்தம் செய்வது ஏமாற்றும். ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியாக எடுக்கும் அதிகபட்ச நிகழ்தகவு முறைதான் சரி. பறப்பு நேரச் சிகரத்துக்கு வால் இருக்கும், வெறும் காஸியன் (மணி வடிவ வளைவு) போடாதீர்கள். வால் எப்படி என்பதை ஒப்பீட்டு அயனியிலிருந்து கற்றுக்கொண்டு அதையே நம் சிகரத்துக்கும் வையுங்கள். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்து, கடைசி நாள்தான் எண்களை ஒப்பிட வேண்டும். என் பார்வையில் ஒரு குழு எவ்வளவு நம்பத் தகுந்தது என்பதை இந்த ஒரு பழக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

கட்டுரை எழுதும்போது நிறை மிகையை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். அளந்த அதிர்வெண் விகிதத்தையும், ஒப்பீட்டு அயனி எது என்பதையும், மின்னூட்ட நிலையையும், ஐசோமரை எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் அட்டவணையிலேயே கொடுங்கள். ஒப்பீட்டு அயனியின் நிறை நாளை திருத்தப்பட்டால், விகிதம் கையில் இருக்கும் வரை மதிப்பீட்டாளர்கள் உங்கள் முடிவைப் புதுப்பித்துக்கொள்வார்கள். விகிதம் இல்லையென்றால் உங்கள் உழைப்பு பழைய எண்ணோடேயே நின்றுபோகும்.

பொறி இல்லாத ஊரில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று. அட்டவணைக் கோப்பை இறக்கி, பைத்தானில் திறந்து, வெள்ளீயத்தின் இரட்டை நியூட்ரான் பிரிப்பாற்றலை (மேலே கால்சியத்துக்குப் போட்ட அதே கணக்கு) முழு வரிசைக்கும் வரையுங்கள். நிறை எண் 132ஐத் தாண்டியதும் என்ன ஆகிறது, ஹாஷ் குறி எங்கே தொடங்குகிறது, அதற்கு முந்தைய எண்கள் எந்த முறையில் அளக்கப்பட்டவை என்று குறித்துவையுங்கள். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு, அங்கே கோடைக்கால மாணவர் திட்டமும் இருக்கிறது. விண்ணப்பத்தில் இந்த வரைபடத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதுங்கள்.